கண் இல்லாத பொம்மைகளும் கவிழ்த்த கோப்பையும்

எல்லோரும் சுகம்தானே? மூட்டு வலி, இருமல் எல்லாம் கொஞ்சம் தேவலையா? பனி நாளாக இருக்கிறது, காலுக்கு உறை போட்டுக்கொண்டு, சூடாக ஒரு கோப்பைத் தேநீர் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். குடித்த பிறகு கோப்பையைக் கழுவப் போட்டுவிடாதீர்கள். கடைசியில் அது வேண்டியிருக்கும்.

இங்கிலாந்தில் லாங்டன் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும், யார் எதைக் கையில் கொடுத்தாலும், தட்டோ கோப்பையோ ஜாடியோ, கவிழ்த்து அடியைப் பார்ப்பார்கள். அடியில் எந்தப் பட்டறையின் முத்திரை இருக்கிறது என்று தெரியாமல் அவர்களுக்குத் தொண்டையில் எதுவும் இறங்காது. ஊரே பீங்கான் ஊர். குழந்தைக்குப் பல் முளைக்கிறதோ இல்லையோ, கஞ்சிக் கிண்ணத்தைக் கவிழ்க்கக் கை வந்துவிடும். புதிதாக வந்த பாதிரியார் ஒருவர், ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி ஆட்கள் மண்டியிட்டுக் குனிவதைப் பார்த்து, இவ்வளவு பக்தியான சபையை நான் கண்டதில்லை என்று மேலிடத்துக்கு எழுதிப்போட்டார். அவர்கள் தொட்டியின் அடியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பழக்கத்தில் ஊரிலேயே மோசமானவர் ஜேபெஸ் ப்ளூர். சின்னப் பட்டறைக்காரர். ஒரே ஒரு சூளை. தாத்தா காலத்திலிருந்து தேநீர்க் குடுவை செய்து வந்த குடும்பம். தடித்த ஆள், மெதுவான பேச்சு, அரசாங்கம் என்றால் தொப்பியைக் கழற்றிவிடுவார்.

ஜெர்மனியோடு முதல் உலகப் போர் தொடங்கிய மறுவருஷம், அந்த அரசாங்கமே மோட்டார் வண்டியில் அவர் முற்றத்துக்கு வந்தது. இறக்குமதிக் குழுவின் தலைவர் சர் பெரிகிரின் ஃபான்ஷா. களிமண் மூட்டை ஒன்றின் மேல் கைக்குட்டையை விரித்து, அதன் மேல் ஏறி நின்று பேசினார்.

"தொழிலாள சகோதரிகளே! இன்றுமுதல் ஜெர்மானியப் பொம்மை இந்தத் தீவில் காலடி வைக்காது. நம் குழந்தைகள் நம் பொம்மையைத்தான் கொஞ்சும். இங்கே உருவாகும் ஒவ்வொரு பொம்மைத் தலையும் எதிரியின் தலையில் விழும் அடி. தேநீர்க் குடுவை ஆடம்பரம். ப்ளூர் அவர்களே, குடுவையை விடுங்கள், தலையைப் பிடியுங்கள். தேசம் உங்களை மறக்காது."

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற செலினா டாம்ஸ் பக்கத்துப் பெண்ணிடம் முணுமுணுத்தாள்: "நம்மள மறக்காத ஆளுங்கள நான் பார்த்திருக்கேன் கண்ணு. வாடகை வாங்க வர்றவனும் அப்படித்தான், மறக்கவே மாட்டான்."

செலினாதான் அந்தப் பட்டறையில் முகம் எழுதுகிறவள். உதடு, கன்னச் சிவப்பு, புருவம் எல்லாம் அவள் கை. அவள் எழுதும் இடது புருவத்தின் முனையில் ஒரே ஒரு மயிர் மேல்நோக்கித் தூக்கி நிற்கும். வேண்டுமென்று செய்வதில்லை, தூரிகையை எடுக்கும்போது மணிக்கட்டு அப்படித் திரும்பும். திட்டிப் பார்த்தார்கள், மாறவில்லை, விட்டுவிட்டார்கள்.

ப்ளூர் சொன்னதைச் செய்கிற மனுஷர். தாத்தாவின் குடுவை அச்சுகளை மாடியிலிருந்து இறக்கி உடைத்து, பட்டறை வாசலில் இருந்த குழிகளில் கொட்டி மிதித்தார். ரொட்டி வண்டி அதற்குப் பிறகு குலுங்காமல் போனது. சூளையில் பொம்மைத் தலைகள் வெந்தன.

ஒரே ஒரு குறை, கண்கள். கண்ணாடிக் கண் ஊதுவது ஜெர்மனிக்காரர்களின் வேலை. பர்மிங்ஹாமில் கண்ணாடி விளக்குக் கூண்டு செய்துகொண்டிருந்த ஒருவரைப் பிடித்துக் குழு கண் செய்யச் சொன்னது. அவரும் செய்தார். ஒரு கண் அம்மாவைப் பார்த்தால் மறு கண் கதவைப் பார்த்தது. எதிரி எந்தப் பக்கம் வந்தாலும் கண்டுகொள்ளும் விழிப்பான பொம்மை என்று பத்திரிகைகள் எழுதின. கடையில் வேறு பொம்மை இல்லாததால் அதுவும் விற்றது. அறுபது பெண்கள் அந்தச் சூளையை நம்பிச் சாப்பிட்டார்கள்.

போர் முடிந்து செலினாவின் கணவன் ஏனோக் திரும்பி வந்தான், ஒரு கண்ணை ஃபிளாண்டர்ஸ் போர்க்களச் சேற்றில் விட்டுவிட்டு. சூளைக்குத் தீ போடுகிறவன். தீயின் நிறத்தைக் கண்ணால் பார்த்துச் சூட்டைச் சொல்கிற வேலை. ஒற்றைக் கண்ணனை மற்ற பட்டறைகளில் எடுக்க மாட்டோம் என்றார்கள். ப்ளூர் எடுத்தார்.

"ரெண்டு கண்ணு இருக்கிறவனுங்களும் சூளைக்குள்ள ஒரு கண்ண மூடிக்கிட்டுத்தான் பார்க்கிறானுங்க. உனக்கு மூடுற வேலை மிச்சம்" என்றார். ஏனோக் சிரித்தான். அந்த ஊரில் நன்றி சொல்வது அப்படித்தான்.

அதற்கடுத்த கோடையில் அறிவிப்பு வந்தது. போர்க்காலத் தடைகள் நீங்கின. வர்த்தகம் இனி சுதந்திரம். ப்ளூர் அதைச் சாப்பாட்டு நேரத்தில் பெண்களுக்கு உரக்கப் படித்தார். ஓட்ஸ் அடையும் பாலாடைக்கட்டியுமாக உட்கார்ந்து கேட்டார்கள். பொம்மைகள்: தடை நீக்கம். பொம்மைக் கண்கள், தனியாக: தடை தொடரும்.

"திரும்பப் படிங்க முதலாளி" என்றாள் செலினா.

திரும்பப் படித்தார். அப்படித்தான் இருந்தது. கண்ணாடியில் செய்த, பார்வை தொடர்பான பொருள்கள் யாவும் தேசப் பாதுகாப்புக்கு உயிரானவை என்று குழு முடிவு செய்திருந்தது. தொலைநோக்கி, பீரங்கிக் குறிநோக்கி, பொம்மைக் கண். பர்மிங்ஹாம்காரரையும் அதே குழு தொலைநோக்கிக்கு வில்லை தேய்க்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

"அப்ப, கண்ணு வச்ச ஜெர்மன் பொம்மை கப்பல்ல வரலாம். நம்ம பொம்மைக்குக் கண்ணு மட்டும் வரக் கூடாது. அதானே?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"எழுதினவனுக்கு எத்தனை கண்ணு?" என்று ஏனோக் மூலையிலிருந்து கேட்டான்.

ஒரு மாதத்தில் பட்டறை அலமாரிகள் நிறைந்தன. வரிசை வரிசையாகத் தலைகள். சிவந்த உதடு, இடது முனையில் தூக்கிய புருவம், அதற்குக் கீழே இரண்டு ஓட்டைகள். மாலையில் கதவைச் சாத்தும்போது ப்ளூர் அவற்றுக்கு முதுகைக் காட்டாமல் பின்னால் நடந்தே வெளியே வருவார். கண் இல்லாத தலையை ஒரு கடையும் எடுக்கவில்லை. செலினா கண்ணையும் தூரிகையாலேயே எழுதிப் பார்த்தாள். படுக்க வைத்தால் கண்ணை மூடுகிற பொம்மை துறைமுகத்தில் வந்து இறங்கிவிட்டது, இது தூங்காது, எங்களுக்கு வேண்டாம் என்றார்கள் கடைக்காரர்கள். வாரம் ஒருமுறை எரிந்த சூளை மாதம் ஒருமுறை என்றானது. அறுபது பேர் இருபது பேர் ஆனார்கள்.

"லண்டனுக்குப் போங்க முதலாளி" என்றாள் செலினா. "அந்தக் கைக்குட்டைக்காரரப் பாருங்க. கண்ணு வர விடுங்க, இல்லன்னா பொம்மைய ஒரு வருஷம் நிறுத்தி வைங்கன்னு கேளுங்க. நாங்களே ஊதிப் பழகிக்கிறோம், ஒரு வருஷம் போதும்."

"கேட்கிறேன் கண்ணு."

"அப்படியே ஏனோக்குக்கும் ஒண்ணு கேளுங்க. பழுப்பு நிறம்."

"சரி."

"முக்கியமா ஒண்ணு. அங்க டீ குடுப்பாங்க. கோப்பையக் கவிழ்க்காதீங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"என் கல்யாணத்துல என் மாமியா தட்டக் கவிழ்த்து, பட்டாணிய மடியில கொட்டிக்கிட்டவர்தானே நீங்க."

லண்டனில் அந்தக் கட்டடத்துக்குப் பெயர் வர்த்தக சுதந்திர மாளிகை. உள்ளே நுழைய மூன்று அனுமதிகள் வேண்டும். பொம்மைப் பிரிவில் இருந்த அதிகாரி அன்பாக நாற்காலி போட்டார்.

"பொம்மைக்கு இப்போது எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஆகவே உங்களுக்கு எந்தக் குறையும் இல்லை."

"கண்ணு இல்லீங்களே, ஐயா."

"கண் இந்தப் பிரிவில் இல்லை. மேல்மாடி."

மேல்மாடியில் ஒளியியல் பிரிவு. அங்கே டக்கெட் என்று ஒரு எழுத்தர். ஒல்லியான, மரியாதையான மனிதர். ப்ளூர் மாதிரிக்காகக் கொண்டுபோன பழைய பர்மிங்ஹாம் கண்ணை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார்.

"இந்தக் கருவியால் எவ்வளவு தூரம் பார்க்கலாம்?"

"ஒண்ணும் பார்க்க முடியாதுங்க. பொம்மைக் கண்ணு."

"அப்படியானால் குறைபாடுள்ள கருவி. அதற்கு விதி இன்னும் கடுமை." குறித்துக்கொண்டார். "மூடித் திறக்குமா?"

"படுக்க வச்சா மூடும், நிமித்தினா திறக்கும்."

"மூடித் திறந்தால் அது புகைப்படக் கருவி. கீழ்மாடி."

கீழ்மாடியில் இருந்தவர், படம் விழுமா என்று கேட்டார். விழாது என்றார் ப்ளூர். படம் விழாத புகைப்படக் கருவி மோசடிப் பொருள் என்று சொல்லி, அவரை எழுதிக் கொடுக்க வைத்து, மறுபடி மேல்மாடிக்கு அனுப்பினார். அன்று முழுக்க ப்ளூர் ஏறி இறங்கினார். ஒவ்வொரு மாடியிலும் அந்தக் கண்ணை மேசையில் வைத்தார். அது ஒவ்வொரு அதிகாரியையும் விட்டுவிட்டுப் பக்கத்துச் சுவரைப் பார்த்தது.

கடைசியில் டக்கெட்டிடமே ஏனோக்கின் விஷயத்தையும் சொன்னார்.

"மனிதக் கண்ணா? அது ஒளியியல் இல்லை. ஆடம்பரப் பொருள்."

"சண்டையில போச்சுங்க."

"மற்றொன்று இருக்கிறதல்லவா? அப்படியிருக்க இரண்டாவது ஆடம்பரம்தானே." டக்கெட்டுக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்திருக்க வேண்டும். எழுதுகோலைக் கீழே வைத்தார். "உங்களுக்காக ஒன்று சொல்கிறேன். கண்ணைத் தனியாகக் கொண்டுவரத்தான் தடை. முழு மனிதர் உள்ளே வரத் தடை இல்லை. உங்கள் ஆள் ஜெர்மனியில் ஹாம்பர்குக்குப் போய், அங்கேயே பொருத்திக்கொண்டு, முழு மனிதராகத் திரும்பி வரட்டும். ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்."

"கப்பல் கூலிக்கு எங்க போவான் அவன்?"

"அது போக்குவரத்துப் பிரிவு" என்றார் டக்கெட்.

மறுநாள் குழுவின் முன் விசாரணை. நீண்ட மேசை, ஏழு பேர், நடுவில் சர் பெரிகிரின். ப்ளூரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் பேச்சு நன்றாகவே தொடங்கியது.

"எங்கள் மீது ஒரு அபவாதம் இருக்கிறது" என்றார் சர் பெரிகிரின், சுருக்கெழுத்துக்காரர் எழுதுகிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு. "நாங்கள் உள்நாட்டுத் தொழிலைக் கொல்கிறோமாம். ஒருபோதும் இல்லை. எந்தத் தொழிலும் தானாகவே சாவதற்கு வேண்டிய சுதந்திரத்தை மட்டுமே நாங்கள் வழங்குகிறோம். போர்க்காலத்தில் தடை விதித்ததும் நாங்களே. இப்போது நீக்குவதும் நாங்களே. இரண்டு முறையும் நாங்கள் சரியாகவே இருந்தோம். இந்தச் சாதனை வேறு எந்தக் குழுவுக்கும் கிடையாது."

மேசையைத் தட்டினார்கள். பிறகு ப்ளூரைப் பேசச் சொன்னார்கள். அவர் தொப்பியைக் கையில் பிசைந்தபடி பேசினார். குடுவையை விட்டதைச் சொன்னார். அச்சுகளை உடைத்ததைச் சொன்னார். அறுபது பெண்களைச் சொன்னார். அலமாரித் தலைகளைச் சொன்னபோது மேசையின் கோடியில் இருந்த கிழவர் ஒருவர் மூக்கைச் சிந்தினார்.

"ஒரே ஒரு வருஷம் குடுங்க ஐயா. அதுக்குள்ள எங்க பொண்ணுங்களே கண்ணு ஊதக் கத்துக்குவாங்க. அதுக்கப்புறம் யார் வேணா வரட்டும்."

சர் பெரிகிரின் மற்றவர்களைப் பார்த்தார். இரண்டு பேர் தலையசைத்தார்கள். மூன்றாமவரும் அசைத்தார். "ஓராண்டு என்பது நியாயமற்ற கோரிக்கை அல்ல" என்று சொல்லி எழுதுகோலை எடுத்து மையில் தோய்த்தார். அப்போது தேநீர் வந்தது. ஆகவே எழுதுகோலைக் கீழே வைத்தார்.

ப்ளூருக்கும் ஒரு கோப்பை. மெல்லிய கோப்பை. உதட்டில் வைத்ததுமே அவருக்கு ஏதோ தெரிந்துவிட்டது. செலினா சொன்னது ஞாபகம் இருந்தது, அதனால் இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். குடித்தார். கோப்பை காலியானது. கீழே வைக்கத்தான் போனார். வலது கை போகிற வழியில் தானே திரும்பிக்கொண்டது.

அடியில் நீல முத்திரை.

"சாக்ஸனி" என்றார் ப்ளூர். தனக்குள் சொன்னதாகத்தான் நினைத்தார். ஆனால் அறை அமைதியாக இருந்தது. "ஜெர்மன் சரக்கு. சண்டைக்கு முந்தினது. அடடா, வெளிச்சம் எப்படி ஊடுருவிப் போகுது பாருங்க. நல்ல சரக்குங்க இது. நல்ல சரக்கு."

சுருக்கெழுத்துக்காரர் எழுதினார்.

சர் பெரிகிரினின் காது சிவந்தது. "அது என் மனைவியின் சீதனம். இறக்குமதி அல்ல. நினைவுச் சின்னம்."

"நான் தப்பாச் சொல்லலீங்க. எங்க ஊரு வழக்கம்..."

"சாட்சி சொன்னதைக் குழு கேட்டது. முப்பது ஆண்டு அனுபவமுள்ள உற்பத்தியாளர், யாரும் கேட்காமலே, தன் வாயால், வெளிநாட்டுச் சரக்கு நல்ல சரக்கு என்று இருமுறை சொன்னார். நம் குழந்தைகளுக்கு நல்ல சரக்கை மறுப்பதற்கு நாம் யார்?" கோடியில் இருந்த கிழவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். எழுதுகோலில் மை காய்ந்துவிட்டிருந்தது.

ஊருக்குத் திரும்பிய ப்ளூரைச் செலினா வாசலில் நிறுத்திக் கேட்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"யோசிக்கிறாங்களாம்."

"கோப்பை?"

"என்ன கோப்பை?"

அவள் அவருடைய கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய் வேலையைத் தொடர்ந்தாள்.

இரண்டு வாரத்தில் பத்திரிகையில் அறிக்கை வந்தது. லாங்டன் பட்டறைக்காரர் திரு. ப்ளூரின் நேர்மையான சாட்சியத்தைக் குழு நன்றியோடு பதிவு செய்திருந்தது. பெண்கள் யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் முற்றத்தில் வரும்போது பேச்சு நின்றது, அவ்வளவுதான். ஏனோக் மட்டும் சூளை வாயில் உட்கார்ந்தபடி, "அந்தக் கோப்பை நிஜமாவே அவ்வளவு நல்லா இருந்துச்சா முதலாளி?" என்று கேட்டான்.

"இருந்துச்சுடா" என்றார் ப்ளூர். பொய் சொல்ல வரவில்லை.

நவம்பரில் சூளை அணைந்தது. கடன்காரர்கள் வந்து பட்டறையை ஏலம் போட்டார்கள். சக்கரங்களை ஒருவர் எடுத்தார், களிமண்ணை ஒருவர் எடுத்தார். கண் இல்லாத தலைகளை யார் எடுப்பார்கள் என்று எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றபோது, லண்டன் முகவர் ஒருவர் வந்து மொத்தத்தையும் சல்லி விலைக்கு எடுத்து, வைக்கோல் வைத்துப் பெட்டிகளில் அடைத்துக்கொண்டு போனார். ரோட்டுக்குக் கல் போடத்தான் என்று ஊர் பேசிக்கொண்டது. பெட்டி வண்டிகள் பட்டறை வாசலைத் தாண்டும்போது குலுங்கவில்லை. அடியில் தாத்தாவின் குடுவைகள் இருந்தன.

ப்ளூர் ஒரு தட்டுப் பட்டறையில் கணக்கு எழுதப் போனார். செலினா ஒரு வீட்டில் தரை துடைத்தாள். ஏனோக்கை எடுக்க ஆள் இல்லை. காலையில் எழுந்து, அணைந்த சூளைக்கு எதிரே போய் நின்றுவிட்டு வருவான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை சந்தையில் ஒரு கடை முன்னால் கூட்டம். ஜெர்மன் பொம்மை வந்திருந்தது. ப்ளூரும் போனார், போகாமல் இருக்க முடியவில்லை. பட்டுத் தலைமுடி, சரிகைச் சட்டை. படுக்க வைத்தால் கண்ணை மூடியது, நிமிர்த்தினால் திறந்தது. நீலக் கண்கள், இரண்டும் ஒரே பக்கம் பார்த்தன. விலையும் மலிவு. ஊர்ப் பெண்கள் குழந்தைகளுக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நேற்றுவரை அவர் பட்டறையில் தலை செய்தவர்கள். அவர் வருவதைப் பார்த்து ஒருத்தி பொம்மையைச் சால்வைக்குள் மறைத்தாள்.

"மறைக்காத கண்ணு" என்றார் ப்ளூர். "என்ன கண்ணு பார்த்தியா அதுக்கு. நல்ல சரக்கு."

"இதை லண்டன்லயே சொல்லிட்டீங்களே முதலாளி" என்றது ஒரு குரல். செலினா. அவளுக்குப் பக்கத்தில் ஏனோக், கையில் ஒரு பொம்மை.

லாங்டன்காரர்கள் ஆயிற்றே. கூட்டத்தில் ஒவ்வொருத்தரும் வாங்குவதற்கு முன் பொம்மையைக் கவிழ்த்துத்தான் பார்த்தார்கள். ஆனால் கடைக்காரன் உள்ளங்காலில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தான், ஜெர்மனி என்று. அதைப் பார்த்துவிட்டுத் திருப்தியாக நிமிர்த்திவிட்டார்கள். ஏனோக் மட்டும் பொம்மையைச் செலினாவின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

"இந்தப் புருவத்தப் பாரு."

இடது புருவத்தின் முனையில் ஒரே ஒரு மயிர் மேலே தூக்கி நின்றது.

செலினா பொம்மையை வாங்கினாள். பட்டுத் தலைமுடியைப் பின்கழுத்திலிருந்து விலக்கினாள். பீங்கானில் அழுத்திய முத்திரை இருந்தது. ஜே. ப்ளூர், லாங்டன். அதற்கு மேலேயே, கோணலாக, ஜெர்மனி என்று கறுப்பு மை.

கூட்டம் ஒவ்வொன்றாகத் தலைமுடியை விலக்கிப் பார்த்தது. எல்லாவற்றிலும் அதுதான்.

ப்ளூருக்கு டக்கெட்டின் ஒல்லியான முகம் ஞாபகம் வந்தது. கண் தனியாக உள்ளே வரக் கூடாது. முழுசாகத் திரும்பி வந்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஏனோக்கால் போக முடியாத ஹாம்பர்குக்கு அவருடைய தலைகள் அந்த லண்டன் முகவரின் பெட்டிகளில் போய், கண்ணோடு திரும்பி வந்திருந்தன.

ஏனோக் பொம்மையைப் படுக்க வைத்தான், நிமிர்த்தினான். "இதுங்களுக்கு மட்டும் கப்பல் கூலிக்குக் காசு எங்கிருந்து கிடைச்சுது?" என்றான்.

 செலினா பொம்மையின் கழுத்தில் தலைமுடியை இழுத்துவிட்டு, சட்டையைச் சரி செய்து, கடைப் பலகையில் மற்றவற்றோடு நிற்க வைத்தாள். பிறகு ப்ளூரைப் பார்த்தாள். சந்தைக்கு வந்ததிலிருந்து அவரை முகத்துக்கு நேரே பார்த்தது அப்போதுதான்.

"அன்னிக்கு அங்க சொன்னத இப்பச் சொல்லுங்க முதலாளி."

ப்ளூர் தொப்பியைக் கழற்றினார்.

"நல்ல சரக்கு" என்றார்.

ஜனவரி பிறந்ததும் குழு தன் ஆண்டறிக்கையை வெளியிட்டது. பொம்மைத் தலை ஏற்றுமதி இதுவரை இல்லாத உயரத்தைத் தொட்டிருந்தது. பொம்மை இறக்குமதியும் அப்படியே. தடை நீக்கத்தால் லாங்டனில் பொம்மைத் தொழில் தழைத்திருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று சர் பெரிகிரின் முன்னுரையில் கேட்டிருந்தார். பதில் எழுத யாருக்கும் முகவரி கொடுக்கவில்லை.

நான் கொடுக்கிறேன். இந்தப் பக்கத்தின் அடியிலேயே இருக்கிறது. உங்கள் ஊரில் எது மூடியது, எது வேறு பெயர் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தது, அதைத் தன் கையால் செய்தவர் இப்போது என்ன செய்கிறார் என்று நாலு வரி எழுதிப் போடுங்கள். முதலில் அந்தக் கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். தேநீரைக் குடித்து முடித்துவிட்டீர்கள் அல்லவா?